புட்டிக்குள் ஒரு ஜோடி

மலை ஆய்வுப் பயண அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர் ஞானசிகாமணி, ஸ்பிரிட் நிரப்பிய புட்டி ஒன்றைப் பார்வையாளர்களிடம் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு ஜோடித் தவளை. ஒரே ஓடையில் மட்டும் வாழும் இனம். கைமாறிக் கைமாறி, போண்டா எண்ணெய் பிசுபிசுக்க அது கடைசி வரிசையிலிருந்த மாணவி நளாயினியிடம் வந்தது. ஆண் இன்னும் பெண்ணின் முதுகை விடவில்லை. பெண்ணின் வயிறு முட்டைகளால் உப்பியிருந்தது.

“ஓடையில இன்னும் எத்தனை இருக்கும் சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“சல்லடை போட்டுத் தேடியாச்சு. மொத்தமே இந்த ரெண்டுதான்! நம்ம நளாயினிதான் பிடிச்சுக் குடுத்தாங்க.”

அரங்கமே திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டியது. பக்கத்து இருக்கைக்காரரும் கைதட்ட வேண்டுமே. கடித்த போண்டாவை அவள் கையிலிருந்த புட்டியின் மூடிமேல் வைத்தார்.