கதவுச் சட்டத்துக் கோடுகள்

தாய் தகப்பன் இல்லாத வெண்டல் என்ற பையனை வளர்த்து ஆளாக்கியது மாவிஸ் அத்தைதான். பிறந்தநாள்தோறும், கேக் வெட்டுவதற்கு முன், அவனைச் சமையலறைக் கதவுச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்துவாள். ரொட்டிக் கத்தியைத் தலைமேல் படுக்க வைத்து, அந்த உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவாள்.

பதினெட்டாவது பிறந்தநாளின் கோடு, போன வருடக் கோட்டுக்குக் கீழே விழுந்தது.

"கூன் போடாம நில்லுடா."

அவன் நிமிர்ந்துதான் நின்றிருந்தான்.

சிகாகோவில் ஒரு கல்லூரி அவனைக் கூடைப்பந்துக் குழுவில் சேர்த்திருந்தது. செப்டம்பரில் கிளம்ப வேண்டும். கோடை முழுக்க, ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அவனே சட்டத்தில் சாய்ந்து கோடு போட்டுப் பார்த்தான். கோடுகள் இறங்கிக்கொண்டே வந்தன. அவன் கேட்காமலே அத்தை அவனுடைய கால்சட்டைகளை மடித்துத் தைத்து வைத்திருந்தாள்.

"டாக்டர்கிட்ட போலாம் அத்தை."

"எதுக்கு? ராஜாவாட்டம் இருக்க."

கிளம்ப வேண்டிய காலையில் பெட்டியை அவனால் நகர்த்தவே முடியவில்லை. விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாள், போன வருடம் அவன் தரையில் நின்றபடியே மாட்டியது. இப்போது எம்பிக் குதித்தும் விரல் எட்டவில்லை.

"அத்தை, தெறங்க! பஸ் வந்துடுச்சு!"

"ஆமாடா கண்ணு, பஸ்ஸு."

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தெருமுனையில் பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பியது.

"டாட்டா சொல்லு."

அவன் மணிக்கட்டைப் பிடித்து அவளே ஆட்டினாள்.