புனிதைக்கும் ஒரு டிக்கெட்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று காற்றின் வேகம் கடல்காரர் கணக்கில் ஏழா, எட்டா என்பதுகூட மறந்துவிட்டது. எட்டு என்றால் படகு விடக் கூடாது. விட்டோம் என்பதால் ஏழு என்றே வைத்துக்கொள்கிறேன்.

2007, ஜூலை 27. வார்தியாவிலிருந்து ஸ்கினாரிக்கு இருபத்தைந்து நிமிடக் கடல். அந்தப் படகில் நான் கயிறு கட்டுகிறவன்.

எங்கள் வார்தியா, ஏதென்ஸிலிருந்து எங்கோ தள்ளி இருக்கும் சின்னத் தீவு. புனித பரஸ்கேவியின் படம் எங்கள் மீனவர் ஒருவரின் வலையில்தான் சிக்கியதாம். பெரிய கோயில் எதிர்த்தீவு ஸ்கினாரியில் இருந்ததால் படமும் அங்கே போய்விட்டது. வருடம் ஒருமுறை, திருநாளுக்கு மட்டும், புனிதை படகேறி எங்களிடம் வருவாள். திருநாள் முடிந்த மறுநாள் திரும்பிவிடுவாள்.

மரப்பலகையில் வரைந்த படம். முகமும் கைகளும் தவிர மற்றதெல்லாம் வெள்ளிக் கவசத்துக்குள் இருக்கும். கண்நோய் தீர்ப்பவள் என்பதால் கவசம் முழுக்க நேர்த்திக்கடனாக வந்த தகரக் கண்கள் தொங்கும். படகு ஆடினால் அவை கிணுகிணுக்கும். அவளுக்குத் தனி இருக்கை, தனி டிக்கெட். பயணியின் பெயர்: பரஸ்கேவி. ஓசியில் ஏற்றினால் ஸ்கினாரிக்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்த வருடக் காவல், ஸ்டமாட்டிஸ் என்ற போலீஸ்காரர். மலைநாட்டு ஆள், தோள் கதவு அகலம். அவருக்கும் புனிதைக்கும் அடுத்த இருக்கையில் ஸாம்பெத்தா அக்கா. எங்கள் கோயிலைப் பெருக்கித் துடைப்பவர். மடியில் துணி மூடிய பெரிய தட்டு.

“என்னக்கா அது?”

“தேன் ஊத்தின சீஸ் அடை. ஸ்கினாரிக்காரங்களுக்கு. அனுப்பி வெச்சதுக்கு ஒரு மரியாத வேணாமா?”

“போன வருஷம் அவங்க சாமியாரத் திருட்டுப்பயன்னீங்க.”

“அது போன வருஷம். போய்க் கயித்தப் பாருடா, ஸகரியா.”

அக்காவுக்கு வலது கண்ணில் ஏற்கெனவே புகைமூட்டம். இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. “வருஷத்துல ரெண்டு நா வந்து போறவ எப்பிடிடா வைத்தியம் பாப்பா? பல் டாக்டர்கிட்டயே நாலு தடவ போறோம்” என்று புலம்புவார். புனிதை வார்தியாவிலேயே தங்கினால் கண் தங்கும் என்று நம்பினார்.

அவர் கணவர், கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையாக இருந்த நிகிதாஸ், ஊராரின் ஏக்கம் தீர இந்தப் படத்துக்கு ஒரு நகல் வரையச் சொல்லி வாங்கிவந்திருந்தார். அச்சு அசல். நகலை மாட்டினால் நமக்குத்தான் அவமானம் என்று எங்கள் சாமியார் மறுத்துவிட, அது மெழுகுவத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. வழிபாட்டின்போதுகூடக் கொட்டாவி விடுகிற நிகிதாஸ், அந்த நகலுக்கு மட்டும் சாகும்வரை தினம் விளக்கேற்றினார். எண்ணெய்க்குக் கேடு என்று அக்கா திட்டுவார்.

பாதிக் கடலில் ஸ்டமாட்டிஸின் முகம் பச்சையாகிவிட்டது.

“தம்பி, எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்கிறியா?”

“வேணாம்மா. பேச்சுக் குடுக்காதீங்க.”

“கடல மொதமொதல்ல எப்பப் பாத்தே?”

“போன மாசம்.” வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். “அம்மா, படத்தக் கொஞ்சம்…”

“நீ போ ராசா. நடுக்கடல்ல அவ எங்க போயிடப் போறா?”

நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே கிணுகிணுப்பு சட்டென்று நின்றது. கவசத்தின் பின்பக்கத்தில் நாலே நாலு கொக்கிகள்தான். கொஞ்ச நேரத்தில் கிணுகிணுப்பு மறுபடி கேட்டது. ஸ்டமாட்டிஸ் முகம் கழுவி வந்தபோது புனிதை தன் இருக்கையில் இருந்தாள். தட்டு அக்கா மடியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன். நானும் வார்தியாக்காரன்தானே.

ஸ்கினாரித் துறையில் காத்திருந்த அவர்கள் சாமியாரிடம், “அடைய மட்டும் எடுத்துக்கங்க சாமி, தட்டு என் மாமியாரோடது” என்றார் அக்கா. அடை போன பிறகும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அக்டோபரில், படத்தைச் சுத்தம் செய்ய ஏதென்ஸிலிருந்து ஒரு பெண் நிபுணர் ஸ்கினாரிக்கு வந்தார். கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது நகல் என்று தெரிந்துவிடுமே என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஜெயில்ல கண் டாக்டர் வருவாராடா?”

“வருவாருக்கா” என்றேன். வேறென்ன சொல்ல.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. முந்நூற்றைம்பது வருடப் பழமை, துளி சந்தேகமில்லை, அசல் என்று நிபுணர் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. “இத்தன படிச்சும் இவ்ளோதான் லட்சணம் பாத்தியா? என் வீட்டுக்காரர் குடுத்த காசு வீண் போகல.”

அதன்பின் நடந்தது இவ்வளவுதான். ஸ்டமாட்டிஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைக்கே போய்விட்டார். புனிதை இன்றும் டிக்கெட்டோடு வந்து போகிறாள். நான் இன்னும் கயிறு கட்டுகிறேன். ஸாம்பெத்தா அக்கா நாலு வருடம் கழித்துச் சிரோஸ் தீவு ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். வந்ததும், அன்று படகில் மாற்றி எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பலகையை வெளியே எடுத்து, அதன் பின்பக்கத்திலிருந்த பொடி எழுத்தை முதல்முறையாக வாசித்தார்: ‘நகல். 1981. வரையச் சொன்னவர்: நிகிதாஸ், வார்தியா.’

1981-லேயே கணவர் யாருக்கும் தெரியாமல் கவசத்துக்குள் நகலை வைத்துவிட்டுத் திருடிவந்த அசல் புனிதையை, இருபத்தாறு வருடம் கழித்து மனைவி அடையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருந்தார்.