கோடு சிவக்கும்போது

லாஸ்பேட்டை மாடி அறையில் மூன்று மணி வெயில் கம்ப்யூட்டர் மேசை வரை வந்திருக்கிறது. ராஜவேல் தன் கம்பெனிக்காக எழுதிய டெசிபல் மீட்டர் திரையில் ஓடுகிறது. மைக்கில் விழும் சத்தம் கூடினால் பச்சைக் கோடு பூஜ்யத்தை நோக்கி ஏறும், நெருங்கிவிட்டால் சிவக்கும். இப்போது ஃபேன் சத்தத்துக்கு மைனஸ் நாற்பதில் நடுங்குகிறது. திரைக்கு எதிரே, பாயில், ரப்பர் வாத்தைக் கடித்தபடி அபி. பத்து மாதக் குழந்தை. அவள் முதுகுக்குப் பின்னால் நிர்மலா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடிக்கிறாள். மைனஸ் மூன்று. கோடு சிவக்கிறது. அபி காலை உதைத்துச் சிரிக்கிறாள். "கேக்குதுங்க! எம்பொண்ணுக்குக் கேக்குது! வெள்ளிக்கிழம காது டெஸ்டுக்குப் போவ வேணாம்ல?" அவள் மறுபடி அடிக்கிறாள். மறுபடி சிரிப்பு. திரையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்த ராஜவேல் இம்முறை குழந்தையின் கண்களைப் பார்க்கிறான். சத்தம் நின்ற பிறகும் கோடு மெல்லத்தான் இறங்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிபடட்டும் என்று அவன்தான் அப்படி எழுதினான். தட்டு ஓய்ந்துவிட்டது. கோடு இறங்குகிறது. அது பச்சைக்குத் திரும்பும்வரை அபி சிரிக்கிறாள். அவன் கை நீண்டு மானிட்டரை அணைக்கிறது. "இப்ப அடி நிர்மலா." "ஏன் நிறுத்துனீங்க?" "அடிச்சுத்தான் பாரேன்." அவள் அடிக்கிறாள். ஜன்னல் விளிம்பிலிருந்த காகம் பதறிப் பறக்கிறது. அபி இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கோடு இன்னும் வரவில்லையே என்பதுபோல.