வாசலில் நிற்கும் புரோகிராம்

லிஸ்ப் என்ற கணினி மொழியில் நான் எழுதிய புரோகிராம் இரண்டு மணி நேரமாக அசையவில்லை. தராசு ஒயர் வழியாக எட்டுப் பெட்டிகளின் எடையை அனுப்பியிருந்தது. திரை முதல் பெட்டியைக் காட்டியதோடு நின்றுவிட்டது.

எங்கள் காக்களூர் போல்ட் கம்பெனிக்கு இன்று ஒரு பெரிய வாடிக்கையாளர் சோதனைக்கு வருகிறார்.

"அவரு வர்றதுக்குள்ள இது ஓடலைன்னா ஆர்டரும் போச்சு, உன் வேலையும் போச்சு, ஏஞ்சல்," என்றார் முதலாளி பூவராகவன். வாடிக்கையாளரின் கார் வரும் என்று கையில் பூமாலையோடு முன்பக்க கேட்டுக்குப் போனார்.

பின்பக்கம் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒருவர் என் அருகே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். தராசு மெக்கானிக் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம்.

"இன்னாம்மா, தராசு பேஜார் பண்ணுதா?"

"தராசு நல்லாதான் இருக்குது, சார்." அப்போதுதான் பிழை எனக்குப் பிடிபட்டிருந்தது. "என் புரோகிராம்தான் மொத எடைய எடுக்கும்போதே மீதி ஏழு எடையையும் சேர்த்து உள்ள அள்ளி வெச்சிக்கிச்சு. அது தெரியாம இன்னும் ஒயரையே பார்த்துகினு இருக்குது."

"வந்த ஆளு உள்ள உக்காந்துகினு இருக்கான். இது வாசல்ல நின்னுகினு இருக்குது."

"அதேதான், சார்."

முதலில் உள்ளே பார், அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் ஒயரில் காத்திரு என்று மாற்றி எழுதினேன். மீதி ஏழு எடைகளும் திரையில் வரிசையாக விழுந்தன.

அவர் எட்டையும் நிதானமாகப் படித்துவிட்டு எழுந்தார்.

"சரிம்மா, போய் உங்க மொதலாளிய உள்ள கூப்புடு. கேட்டாண்ட அவரு மாலையோட பார்த்துகினு நிக்கிற ஆளு நான்தான்."