பட்டுச்சா, உதைச்சீங்களா?

தோத்ததுகூடப் பரவாயில்லைங்க. ஒரு மனுஷனோட வெட்டிப் பெருமையால தோத்தோம் பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

எங்க அட்டைப்பெட்டி கம்பெனியில வெட்டுற பிரிவுக்கும் ஒட்டுற பிரிவுக்கும் வருஷா வருஷம் ஃபுட்பால் மேட்ச். ஜெயிக்கிற பிரிவுக்கு வருஷம் முழுக்கக் காலை ஷிஃப்ட். தோத்தா, மதியம் ரெண்டுலருந்து ராத்திரி பத்து வரைக்கும்.

போன வருஷமும் நாங்கதான் தோத்தோம். எனக்கு ஒண்ணாவது படிக்கிற பொண்ணு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுவா, நான் வர்றதுக்குள்ள தூங்கிடுவா. லீவு நாள்ல, "அப்பா, நீங்க எப்பக் கிளம்புவீங்க?"ன்னு விருந்தாளியைக் கேக்குற மாதிரி கேக்குறா. இந்த வருஷம் எப்படியாவது ஜெயிச்சே ஆகணும்னு இருந்தேன்.

வெட்டுற பிரிவுக்கு நான்தான் கோல்கீப்பர். எனக்கு முன்னால நின்னு தடுத்து ஆடுற பேக், எங்க ஃபோர்மேன். அவரோட நிஜப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. 'நான்தான்' அண்ணன்னு கேளுங்க, கேட் வரைக்கும் கொண்டுவந்து காட்டுவாங்க. புது மெஷின் ஓடினா, "நான்தான் ஓட வெச்சேன்." மேனேஜர் சிரிச்சா, "நான்தான் சிரிக்க வெச்சேன்." மழை பேஞ்சாகூட விட மாட்டாரு.

ஆட்டம் முடிய ரெண்டே நிமிஷம். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. அவங்க ஆள் ஒருத்தன் தூரத்துலருந்து பந்தை முன்னால அடிச்சான். பசை மெஷின் ஓட்டுற பையன் எங்க ஆளுங்க எல்லாரையும் தாண்டி, என் பக்கத்துல தனியா நின்னுட்டிருந்தான். சுத்தமான ஆஃப்சைடு, அங்க நின்னு கோல் போட்டா செல்லாது. பந்து அண்ணனோட முழங்கால்ல மோதி, நேரா அவன்கிட்டயே போச்சு. தட்டி விட்டான். கோல்.

கோட்டோரமா நின்ன வாட்ச்மேன் கொடியைத் தூக்கிட்டாரு. எங்களுக்குப் போன உயிர் வந்துச்சு.

ரெஃப்ரி எங்க கம்பெனி நர்ஸம்மா. ஊசி போடுறதுலயே தயவு தாட்சண்யம் பார்க்காதவங்க. விறுவிறுன்னு அண்ணன்கிட்ட வந்தாங்க.

"எனக்கு ஆள் மறைச்சிருச்சு. பந்து தானா உங்க மேல பட்டுத் தெறிச்சுதா, இல்ல நீங்களாப் பார்த்து நிதானமா உதைச்சீங்களா?"

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"பட்டுத் தெறிச்சிருந்தா அவன் ஆஃப்சைடு, கோல் கிடையாது. கோலுக்குள்ள போற பந்தை உங்க ஆள் தடுத்து, அது அவன்கிட்ட போனாலும் அப்படித்தான். ஆனா நீங்களா விளையாடின பந்துன்னா, அவன் எங்க நின்னிருந்தாலும் கோல்தான்."

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாங்க. பச்சப்புள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். 'பட்டுச்சு'ன்னு ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேணும்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினாரு.

"என் மேல பந்து படுறதாவது! நான்தான் உதைச்சேன்."

விசில். கோல். போச்சு.

உடை மாத்துற ரூம்ல ஆளாளுக்கு அவரைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் ஷூவைக் கழட்டிச் சுவத்துல அடிச்சான். "உங்க பெருமைக்குப் பலி கொடுக்க எங்க குடும்பம்தான் கிடைச்சுதா?"ன்னு கத்திட்டுப் போனான். அண்ணன் பெஞ்சுல உக்காந்து முழங்காலுக்கு ஐஸ் வெச்சுட்டிருந்தாரு.

எல்லாரும் போனதுக்கப்புறமும் எனக்கு ஆறல.

"அண்ணே, இது உதைச்ச காலா? அடி வாங்கின காலு! பந்தோட தையல் அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. வாழ்க்கையில ஒரு தடவை 'நான் இல்லை'ன்னு சொன்னா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா? என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டாரு.

"பட்டுச்சுதான்ப்பா. நான் உதைக்கல."

"அப்ப எதுக்குண்ணே பொய் சொன்னீங்க?"

"முதல் பாதியில, கோலுக்கு வெளிய போய்க்கிட்டிருந்த பந்தை எட்டிப் பிடிச்சு, அந்தப் பசைக்காரப் பையன் காலடியில நழுவ விட்டே. அவன் கோல் போட்டான். நீயாப் பிடிச்ச பந்து, அவன் ஆஃப்சைடுல நின்னிருந்தாலும் அது கோல்தான். நர்ஸம்மா கேட்டப்ப, 'உள்ள போன பந்து, தடுத்தேன்'னு கூசாம சொன்னே. ஆஃப்சைடுன்னு அந்தக் கோல் ரத்தாயிடுச்சு."

இப்ப நான் கதவு சாத்தியிருக்கான்னு பார்த்தேன்.

அண்ணன் ஐஸைக் கீழ வெச்சாரு.

"எல்லார் முன்னாடியும் உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரலப்பா. அதான், அவங்க கோலை இப்படித் திருப்பிக் கொடுத்தேன்."