தனிப் பானை

“அந்தப் பானையில கைய விட்டுறாதடி” என்று பொன்னுமணி தன் தங்கச்சி சந்திரவல்லியை அதட்டிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுச் சொந்தக்காரர் கோட்டைச்சாமி வாசலில் வந்து நின்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த சந்திரவல்லி சோப்புக் கையோடு அப்படியே பின்வாங்கினாள்.

கோட்டைச்சாமிக்குக் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டம், போடியில் ஆறு வாடகை வீடு. எண்பத்திமூன்றாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கியவர் நேரே இங்கேதான் வந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை, புகையிலை. அதைவிட நிறையக் கோபம்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு. நீ எந்த ஆளுன்னு சொல்லாமயே குடி வந்துட்ட.”

“நீங்க கேக்கல. ஆஸ்பத்திரில நர்சுன்னு சொன்னேன், சாவியக் குடுத்தீங்க.”

“எதுத்துப் பேசாத. இந்தத் தெருவுல எவனாவது உன் வீட்டுல பச்சத்தண்ணி குடிப்பானா? அப்பேர்ப்பட்ட ஆள வச்சுக்கிட்டு நான் எப்பிடித் தல நிமுந்து நடக்குறது?”

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் கோட்டைச்சாமிக்குச் சொந்தக்காரி. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு தலைகள். வேடிக்கை என்றால் ஆள் சேரக் கேட்பானேன்.

போடிக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருஷத்தில் பொன்னுமணிக்கு இது நாலாவது வீடு. முந்தின மூன்றிலும் வாயை மூடிக்கொண்டு சாமான்களைக் கட்டியிருக்கிறாள். இந்தத் தடவையும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

“காலி பண்ண முடியாது. சாமானத் தூக்கித் தெருவுல போடணும்னா நீங்களே போட்டுக்கங்க, நானும் தெருவுலயே உக்காந்துக்கிறேன். போன மாசம் உங்களுக்கு ஊசி போட்டது இந்தக் கைதான. அப்பத் தீட்டு எங்க போச்சு?”

“அது வைத்தியம். இது வந்து…”

புகையிலைச் சாறு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமலும் விக்கலும் சேர்ந்து பிடித்துக்கொள்ள, வாயில் இருந்ததை வாசலில் துப்பிவிட்டு உள்ளே வந்து முக்காலியில் சாய்ந்துவிட்டார். கண் பிதுங்கியது.

பொன்னுமணி குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். அந்த நிலையிலும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

“ஜக்கு, நீ… வெரசா கொண்டா.”

“எங்க வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல மாமா. குழாய் வந்து மூணு நாளாச்சு.”

அப்போதுதான் கூடத்து மூலையில் இருந்த பானை கோட்டைச்சாமியின் கண்ணில் பட்டது. மணை மேல் ஏற்றி, வாயில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் செம்பு. அதற்கும் பக்கத்தில், மதுரையிலிருந்து பஸ்சில் பத்திரமாக வந்த இரண்டு தங்கமீன்கள் கண்ணாடித் தொட்டியின் பாதித் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை யார் பார்த்தது?

இந்த மாதிரிப் பானையை அவருக்குத் தெரியும். அவர் தோட்டத்து மேஸ்திரி, பொன்னுமணியின் சாதிக்காரரான வீரணன் வீட்டில் ஒன்று இருந்தது. கோட்டைச்சாமி போனால் குடிப்பதற்கென்று அவர் சாதிக்காரர் ஒருவர்தான் அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார். வீரணன் வீட்டில் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

“அதுல… நீங்க கை விடுறதுண்டா?”

“மூணு நாளா யாரும் விடல. ஆனா அது வேற சோலிக்கு வச்ச தண்ணி, அத நீங்க…”

“தெரியும், தெரியும்.” கையமர்த்தினார். “அந்த மட்டுக்கு மரியாத தெரிஞ்சு வச்சிருக்க.”

அவரே எழுந்து போய்த் துணியை அவிழ்த்தார். செம்பில் மொண்டு அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார். ஒன்று போதாமல் இரண்டாவது செம்பும் உள்ளே போனது. வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்கல் நின்றது.

“தண்ணின்னா இது தண்ணி” என்று மீசையைத் துடைத்தார். “குழாய்த் தண்ணில அடிக்கிற மருந்து வாடையே இல்ல பாரு. நம்ம ஆளுக கை பட்டா அந்த ருசியே தனி. நீதான பிடிச்சு வச்ச, ஜக்கு?”

“நான் இல்ல மாமா.”

“பின்ன யாரு?”

பொன்னுமணி அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

“நான்தான் பிடிச்சேன், மருந்து வாடை போகட்டும்னு. மீனுக்கு.”