அசல் கைவேலை

கோகிலவாணி பழைய சேலைகளை வெட்டிக் கையாலேயே தைத்த பைகளை, வாங்க வந்த கம்பெனியின் சோதனைக் கருவி 'மெஷின் தையல்' என்று கழித்துக்கட்டியது. அவ்வளவு நேர்த்தி மனிதக் கைக்கு வராதாம். வேண்டுமென்றே கோணலாகத் தைத்தாள். போலிக் கோணல் என்று அதையும் தள்ளியது. நடுக்குவாதம் வந்த கணவர் அர்த்தநாரி பொழுதுபோகாமல் தைத்த பைக்குத்தான் 'அசல் கைவேலை' முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

"ஏம்புள்ள, மாத்தரைய விடாமத்தான முழுங்கறேன்? ஒரு டம்ளர் காப்பி சிந்தாமக் குடிக்க முடியிலியே!"

"போகப்போகச் செரியாப் போயிருமுங்க."

மருந்து டப்பாவில் வெறும் சத்து மாத்திரையை மாற்றிப் போட்டு வைத்திருந்தவள், டம்ளரைத் தானே பிடித்துப் பொறுமையாகப் புகட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்து அவர் கையில் கொடுத்தாள்.